பழைய கணினியில் ஐகான்களும் கோப்புறைகளும் திறக்காவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் உள்ள கோயில் அலுவலகங்களிலும் தமிழ்ப் பாடசாலைகளிலும், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காவடிப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல், மாணவர் மதிப்பெண்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஒரு நாள் காலையில் டெஸ்க்டாப்பில் உள்ள எதுவும் திறக்கவில்லை என்றால், ‘கணினி போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்’ என்ற பேச்சு உடனே எழுகிறது. பெரும்பாலும் அதற்குத் தேவை இருப்பதில்லை. விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கும் முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி பற்றித் தேவையான இடத்தில் மட்டும் சொல்லப்படுகிறது. இந்நாட்டுக் கணினிகளில் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றின் பெயர்களை ஒலிப்பின்படி தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐகானை இருமுறை சொடுக்கினாலும் எதுவும் நடக்கவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

திறக்க மறுக்கும் ஐகானை ஒருமுறை மட்டும் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் என்டர் விசையை அழுத்துங்கள். அது திறந்துவிட்டால் விண்டோஸிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் பழுது இல்லை. குறை மவுஸிலோ விசைப்பலகையிலோ இருக்கிறது. திறக்காவிட்டால், எல்லா ஐகான்களும் இப்படித்தானா, ஒன்றிரண்டு மட்டுமா என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் என்றால், அந்தக் குறுக்குவழி (ஷார்ட்கட்) சுட்டும் நிரலோ கோப்போ நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது இடம் மாறியிருக்கலாம். ஐகானின் மீது வலப்பொத்தானைச் சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘டார்கெட்’ என்ற வரியைப் படித்தால், அது எந்த இடத்தைத் தேடுகிறது என்பது தெரியும். பென்டிரைவில் இருந்த கோப்புக்கு டெஸ்க்டாப்பில் குறுக்குவழி வைத்துவிட்டு, பென்டிரைவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் நாம் நினைப்பதை விட அதிகம்.

கேள்வி: என்டர் விசைக்குத் திறக்கிறது, மவுஸுக்குத் திறக்கவில்லை. என்ன செய்வது?

கன்ட்ரோல் பேனலில் ‘மவுஸ்’ பகுதியைத் திறந்தால், இருமுறைச் சொடுக்கின் வேகத்தை மாற்றும் நகர்த்தியும் அதன் அருகே சோதனைக்கென்று ஒரு சிறு கோப்புறைப் படமும் இருக்கும். வேகத்தைக் குறைத்துவிட்டு அப்படத்தை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். மூட்டுவலி உள்ள முதியவர்கள் பயன்படுத்தும் கணினியில் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும். வேகத்தைக் குறைத்த பிறகும் படம் அசையாவிட்டால் வேறொரு மவுஸை மாட்டிப் பாருங்கள். மவுஸின் இடப்பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்துபோகும்போது, சில சமயம் இரண்டு சொடுக்குகளில் ஒன்று பதிவாகாமல் போகும். சில சமயம் ஒரே சொடுக்கு இரண்டாகப் பதிவாகும். இழுக்கும்போது நடுவில் பிடி விட்டுப்போவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் ஒரு கோப்புறை பக்கத்துக் கோப்புறைக்குள் விழுந்து ‘காணாமல்’ போகும். உடனே கவனித்தால் கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இருமுறை சொடுக்கும்போதெல்லாம் கோப்புக்குப் பதிலாக ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரம் வருகிறது என்றால், விசைப்பலகையில் ஆல்ட் விசை அழுந்தி நிற்கிறது என்று பொருள். டர்பனின் கடற்கரை ஈரமும் தேநீரில் இருக்கும் சர்க்கரையும் விசைகளுக்கு நல்லதல்ல. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு மவுஸை மட்டும் கொண்டு சோதித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கேள்வி: மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் ஐகான், கோப்புறை, கீழே உள்ள டாஸ்க்பார் எதுவும் அசையவில்லை. அணைத்துப் போட்டும் சரியாகவில்லையே?

டெஸ்க்டாப், டாஸ்க்பார், கோப்புறைச் சாளரங்கள் ஆகிய மூன்றையும் திரையில் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற ஒரே நிரல். அது உறைந்துவிட்டால் மூன்றும் சேர்ந்து உறையும். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். விண்டோஸ் 10-இல் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும். விண்டோஸ் 7-இல் ‘ப்ராசஸஸ்’ பட்டியலில் எக்ஸ்ப்ளோரரைத் தேடி நிறுத்திவிட்டு, ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘நியூ டாஸ்க்’ பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் அழுத்த வேண்டும். இடையில் திரை முழுவதும் வெறுமையாகும். அதற்கு அஞ்ச வேண்டாம்.

அணைத்துப் போட்டதைப் பற்றி: விண்டோஸ் 10-இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி இயங்கும்போது, ‘ஷட் டவுன்’ செய்தாலும் கணினி தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. ஆகையால் பழுதை நீக்க விரும்பும்போது ‘ஷட் டவுன்’ என்பதை விட ‘ரீஸ்டார்ட்’ செய்வதே பயன் தரும்.

கேள்வி: எக்ஸ்ப்ளோரரை மறுபடி தொடங்கினால் சரியாகிறது, ஆனால் தினமும் இதே தொல்லை. நிரந்தரத் தீர்வு என்ன?

அப்படியானால் வேறு ஏதோ ஒன்று எக்ஸ்ப்ளோரரைத் தடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கணினியை, விண்டோஸின் அடிப்படைப் பகுதிகள் மட்டும் இயங்கும் ‘சேஃப் மோட்’ முறையில் தொடங்குங்கள். விண்டோஸ் 7-இல் கணினி எழும்போதே எஃப்8 விசையைத் தட்ட வேண்டும். விண்டோஸ் 10-இல் ஷிப்ட் விசையை அழுத்தியபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, வரும் நீலத் திரையில் ‘ட்ரபிள்ஷூட்’ வழியாகச் செல்ல வேண்டும். சேஃப் மோடில் எல்லாம் தடையின்றித் திறந்தால், பின்னாளில் நிறுவிய ஏதோ ஒரு நிரலே குற்றவாளி.

யாரைச் சந்தேகிப்பது? முதலில், ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் நிரல்கள் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். அடுத்து, வலப்பொத்தான் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளும், கோப்புகளைச் சுருக்கும் நிரல்கள், பழைய பிடிஎஃப் நிரல்கள், ஸ்கேனர் துணைநிரல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். வலப்பொத்தானைச் சொடுக்கியவுடன் கணினி உறைகிறது என்றால் ஐயம் இவற்றின் மீதே. மூன்றாவதாக, முன்பு அலுவலகத்தில் இருந்து இப்போது இல்லாத வேறொரு கணினியின் பகிர்வு வட்டு இணைப்பாகவே தொடர்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘திஸ் பிசி’ (விண்டோஸ் 7-இல் ‘கம்ப்யூட்டர்’) சாளரத்தைத் திறக்கும்போது எக்ஸ்ப்ளோரர் அந்த இல்லாத கணினியின் பதிலுக்காகக் காத்திருக்கும். அந்த இணைப்பை வலப்பொத்தானால் சொடுக்கி ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் பழைய கணக்கின் அமைப்புகளே பழுதாகியிருக்கின்றன. அதைச் செப்பனிடுவதில் ஒரு மாலையைச் செலவழிப்பதை விட, கோப்புகளைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்வதே அறிவுடைமை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: டெஸ்க்டாப் ஐகான்கள் அனைத்தும் ஒரே படமாக மாறிவிட்டன. எதைச் சொடுக்கினாலும் பிடிஎஃப் நிரலே திறந்து, ‘இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை’ என்கிறது. வைரஸா?

பெரும்பாலும் வைரஸ் இல்லை. திறக்காத குறுக்குவழி ஒன்றை யாரோ ‘ஓப்பன் வித்’ வழியாகத் திறக்க முயன்று, ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்ற கட்டத்தையும் குறியிட்டுவிட்டார். குறுக்குவழிகள் அனைத்துக்கும் எல்என்கே என்ற ஒரே பின்னொட்டு இருப்பதால், ஒன்றுக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டது. நிரல்கள் தம் இடத்தில் பத்திரமாகவே இருக்கின்றன.

‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இயங்கிக்கொண்டிருந்தால், முந்தைய நாள் ஒன்றுக்குத் திரும்புவது எளிய வழி. விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் அது அணைக்கப்பட்டே இருக்கும். மற்றொரு வழி, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் எழுதித் திறந்து, முதலில் ‘ஃபைல்’ பட்டியலின் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக ஒரு நகலை எடுத்து வையுங்கள். பிறகு ‘ஹெச்கீ கரன்ட் யூசர்’ என்பதிலிருந்து சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று வரிசையாக இறங்கி, ‘.எல்என்கே’ என்பதற்கு அடியில் ‘யூசர்சாய்ஸ்’ என்ற உட்பிரிவு இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். அங்கே வேறு எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்பி கணினியில் கோப்புறையைச் சொடுக்கினால், அது திறக்காமல் தேடல் சாளரம் வருகிறது.

கோப்புறைக்கான இயல்பான செயல் ‘திற’ என்பதிலிருந்து ‘தேடு’ என்று மாறியிருக்கிறது. ‘ரன்’ பெட்டியில் ரெஜ்எஸ்விஆர்32 (regsvr32) என்றும், ஓர் இடைவெளி விட்டு முன்சாய்கோட்டுடன் ஐ என்றும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டு ஷெல்32.டிஎல்எல் என்றும் ஆங்கில எழுத்துகளில் இட்டு என்டர் அழுத்துங்கள்.

கேள்வி: அச்சகத்துக்குக் கொண்டுபோய் வந்த பென்டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாகிவிட்டன. திறந்தால் ஒன்றும் வருவதில்லை.

இது வைரஸ்தான். உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலேயே போலிக் குறுக்குவழிகளை அது வைத்திருக்கிறது. நீங்கள் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் இயங்குவது அந்த வைரஸ். ஆகவே இனி சொடுக்க வேண்டாம். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ சாளரத்தின் ‘வியூ’ பக்கத்தில், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமையுங்கள். ‘ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதை மறைக்கும் குறியையும் எடுத்துவிடுங்கள். உண்மையான கோப்புறைகள் மங்கிய நிறத்தில் தெரியும். அவற்றுக்குள் சென்று, உள்ளே இருக்கும் ஆவணங்களை மட்டும் கணினியில் புதிதாக உருவாக்கிய கோப்புறைக்கு நகலெடுத்து, ஆன்டிவைரஸால் சோதித்துவிட்டு, பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பென்டிரைவைச் செருகியவுடன் நிரல் தானாக ஓடும் வழக்கத்தை விண்டோஸ் 7 நிறுத்திவிட்டது. எக்ஸ்பிக்கு 2011 பிப்ரவரியில்தான் அந்தத் திருத்தம் பரவலாக வந்து சேர்ந்தது. திருத்தம் பெறாத எக்ஸ்பி கணினி இன்னும் எங்காவது இருந்தால் அங்கே பென்டிரைவைச் செருகாமல் இருப்பதே நல்லது. சித்திரைக் காவடி அறிவிப்பை அச்சிட வேண்டுமென்றால் மின்னஞ்சலில் அனுப்பலாமே.

கேள்வி: மின்வெட்டுக்குப் பிறகுதான் எங்களுக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பழைய கணினிகள் பலவற்றின் கதை இதுவே. ‘லோட் ஷெடிங்’ என்ற சுழற்சி மின்வெட்டு அட்டவணையின் ஸ்டேஜ் கணக்கில் ஒரு நாளில் பல முறை, இரண்டு இரண்டு மணி நேரமாக மின்சாரம் நின்ற 2022, 2023 ஆம் ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு அந்த அட்டவணை பெருமளவு ஓய்ந்துவிட்டாலும், கம்பித் திருட்டாலும் துணைமின் நிலையப் பழுதாலும் அறிவிப்பின்றி மின்சாரம் போவது நிற்கவில்லை.

விண்டோஸ் ஒரு கோப்பை எழுதும்போது எல்லாவற்றையும் அந்தக் கணமே வட்டில் பதித்துவிடுவதில்லை. கொஞ்சத்தை நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதும். இடையில் மின்சாரம் போனால் அந்தக் கொஞ்சம் அழிந்துவிடும். என்டிஎஃப்எஸ் என்னும் வட்டு அமைப்பு, கோப்புறைகளின் கட்டமைப்பில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதால், மின்சாரம் திரும்பியதும் கட்டமைப்பைச் சீராக்கிக்கொள்ளும். ஆனால் கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் உறுப்பினர் பட்டியல் என்ற பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தும், திறந்தால் பழுது என்கிறது. மின்சாரம் திரும்பி வரும் நொடியில் ஏறி இறங்கும் அழுத்தம் வேறொரு ஆபத்து. அது கணினியின் பவர் சப்ளையையும் வட்டின் மின்பலகையையும் தாக்கும்.

செய்ய வேண்டியது: ‘திஸ் பிசி’ சாளரத்தில் சி வட்டை வலப்பொத்தானால் சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’ என்று செல்லுங்கள். விண்டோஸ் 7-இல் இரண்டு கட்டங்கள் வரும். முதற்கட்டம் கட்டமைப்புப் பிழைகளைத் திருத்துவது. அதை மட்டும் குறியிடுங்கள். இரண்டாவது, வட்டின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்ப்பது; பெரிய வட்டில் அது பல மணி நேரம் ஓடும் என்பதால், அதைத் தொடங்குவதற்கு முன் அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள். இது முடிந்ததும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்க, ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ நிரலை நிர்வாகி உரிமையுடன் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டியே ‘ஸ்கேன்நவ்’ என்று இட்டு என்டர் அழுத்துங்கள்.

இனி நேராமலிருக்க ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குவதை எந்தக் குழுவும் வீண்செலவாகக் கருத வேண்டாம். அது தரும் சில நிமிடங்கள், வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைப்பதற்கு. தொடர்ந்து தட்டச்சு செய்வதற்கு இல்லை. லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது. அதன் சூடேற்றி இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. யுபிஎஸ் இல்லாத இடத்தில், மின்சாரம் போனவுடன் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள்.

ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், இணையதளங்களும் திறக்க மறுத்தால், அது தனிக் குறை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரியை மாற்றினால் தீரும்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கே சாகிறதா என்று எப்படி அறிவது?

கோப்புறை திறக்க அரை நிமிடமாகிறது. சில கோப்புகள் திறந்து சில திறப்பதில்லை. நகலெடுக்கும்போது ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்ற ஒலி வருகிறது. இவற்றுள் இரண்டு சேர்ந்து வந்தால் வட்டைச் சந்தேகியுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல், வட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்து வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். அங்கே ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று வந்தால் மேற்கொண்டு சோதனை வேண்டாம். ‘குட்’ என்று வந்தாலும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். அறிகுறியின்றி நிற்கும் வட்டுகளும் உண்டு.

இந்நிலையில் வரிசை முக்கியம். முதலில் கோப்புகளை வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகே பழுது பார்க்க வேண்டும். வட்டு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் சோதனை, சாகும் தறுவாயில் உள்ள வட்டை இன்னும் பல மணி நேரம் உழைக்க வைக்கிறது. நகலெடுக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு அதிலேயே தீர்ந்துபோகலாம். நகலெடுப்பதிலும் முன்பின் உண்டு. மறுபடி கிடைக்காதவை முதலில்: பதிவேடுகள், கணக்குகள், முன்னோர் வந்த கப்பல் பட்டியலைப் பார்த்துக் குடும்பங்கள் எழுதிக் கொடுத்த வம்சாவளிக் குறிப்புகள், பழைய நிழற்படங்களின் ஸ்கேன்கள். திரைப்பாடல்கள் கடைசியில்.

விண்டோஸே எழவில்லை என்றாலும் கோப்புகள் போய்விட்டதாகப் பொருள் கொள்ள வேண்டாம். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழைய கணினியைத் தொடங்கலாம். எதையும் நிறுவாமல், பழைய வட்டைத் திறந்து கோப்புகளை வெளிவட்டுக்கு மாற்ற அது போதும். லினக்ஸ் மின்ட் இயங்காத, 64 பிட் இல்லாத மிகப் பழைய கணினியாக இருந்தால், வட்டைக் கழற்றி யுஎஸ்பி இணைப்பான் வழியாக மற்றொரு கணினியில் மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்படி மாட்டிய பழைய வட்டில், கோப்புறையைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைட்’ என்கிறது.

அக்கோப்புறையின் உரிமையாளர் பழைய விண்டோஸின் பயனர். புதிய கணினிக்கு அவரைத் தெரியாது. ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’ என்று சென்று ‘ஓனர்’ என்ற இடத்தில் உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே உள்ளவற்றுக்கும் அதையே பொருத்தும் கட்டத்தைக் குறியிடுங்கள். பழைய கணினியில் விண்டோஸின் குறியாக்கத்தால் பூட்டிய கோப்புகள் மட்டும் இதனால் திறக்காது.

கேள்வி: தமிழில் பெயரிட்ட கோப்புறைகளில் மட்டும் சிக்கல். ஏன்?

விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரிக்கு, வட்டின் எழுத்திலிருந்து கோப்பின் பின்னொட்டு வரை, நெடுங்காலமாக 260 குறிகள் என்ற வரம்பு இருக்கிறது. நம் கண்ணுக்குத் ‘திருவிழா’ நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறி, ஏனெனில் இகர, உகர, ஆகாரக் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆண்டு, மாதம், விழா, உபயதாரர் பெயர் என்று கோப்புறைக்குள் கோப்புறையாக நீளமாகப் பெயரிட்டால், ஆங்கிலத்தை விட விரைவில் வரம்பைத் தொட்டுவிடுவோம். மேல்நிலையில் உள்ள கோப்புறையின் பெயரைச் சுருக்கினால் உள்ளே இருப்பவை திறக்கும். யூனிகோட் வருவதற்கு முந்தைய நிரல்கள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் கண்டு திறக்க மறுப்பதும் உண்டு. அத்தகைய நிரலுக்கான கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள்.

ஆவணம் திறக்கிறது, ஆனால் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன என்றால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். எப்போதாவது யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

கேள்வி: திறக்கிறது, ஆனால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

அது பெரும்பாலும் படக் கோப்புறையாக இருக்கும். காவடி நாளின் ஆயிரக்கணக்கான படங்களுக்கும் வீடியோக்களுக்கும் சிறுபடம் தயாரித்துக்கொண்டிருக்கிறது. ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தின் ‘கஸ்டமைஸ்’ பக்கத்தில் ‘ஜெனரல் ஐட்டம்ஸ்’ என்று மாற்றுங்கள். சி வட்டில் இடம் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு பழைய கணினியை வைத்துக்கொள்வது தகுமா?

என்ன வேலைக்கு என்பதைப் பொறுத்தது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கானவை 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. வங்கிக் கணக்கைப் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் இவற்றைப் பயன்படுத்துவது சரியன்று. இணையத்தில் இணைக்காமல், மாணவர் பட்டியலைத் தட்டச்சு செய்து அச்சிட மட்டும் என்றால் விண்டோஸ் 7 இன்னும் உழைக்கும். பணம் கொஞ்சம் இருந்தால், நினைவகத்தை (ராம்) கூட்டுவதற்கு முன், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டு வாங்குங்கள். வட்டை மாட்டும் சாட்டா இணைப்பு உள்ள எந்தக் கணினியிலும் அது பொருந்தும், கோப்புறைகள் திறக்கும் வேகத்தில் வேறுபாடு உடனே தெரியும்.

கேள்வி: கடைக்குக் கொடுப்பதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

உறுப்பினர்களின் 13 இலக்க அடையாள எண்களும் முகவரிகளும் அந்த வட்டில் இருக்கின்றன. தனிநபர் தகவல்களைக் காப்பதற்கான தென்னாப்பிரிக்கச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு நடைமுறையில் இருக்கிறது. கோயில்களும் சங்கங்களும் அதற்கு உட்பட்டவையே. முடிந்தால் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். வட்டையும் கொடுக்க வேண்டியிருந்தால், ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். புதிய வட்டு மாற்றினால் பழையதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதன் மீது தேதியை எழுதி, புதியதில் எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்ததைச் சரிபார்க்கும் வரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.